பதினேழாம் வரிசைக் காராமணி

நெய்வேலிக்கு அந்த நிலையம் வந்த கதை சுருக்கமானது. பயறுச் செடிகள் விதைக்குள் இரும்புச்சத்தை எப்படிச் சேர்த்து வைக்கின்றன, சேர்த்து வைக்கச் சொல்லும் மரபணு எது, அதைத் தட்டி எழுப்பினால் ஏழை வீட்டுப் பெண்களின் ரத்தசோகை தீருமா என்று ஆராய ஒரு நிலையம் தொடங்க டெல்லியில் முடிவானது. எந்த ஊர் என்ற கேள்வி வந்தபோது ஓர் அதிகாரி கோப்பில் எழுதினார்: “நெய்வேலியில் சுரங்கம் உள்ளது. சுரங்கம் இருந்தால் இரும்பு இருக்கும்.” அங்கே வெட்டி எடுப்பது பழுப்பு நிலக்கரி என்று தெரியவந்தபோது பெயர்ப்பலகையில் பெயின்ட் காய்ந்துவிட்டிருந்தது. காய்ந்த பெயின்டைத் திரும்பப் பெற விதி இல்லை.

இந்தியப் பயறுவகை இரும்புச்சத்து மரபியல் உயராய்வு நிலையம் என்பது முழுப் பெயர். பலகையில் அது அடங்கவில்லை. ‘நிலையம்’ மட்டும் தனியாகப் பக்கத்துத் தூணில் இருந்தது. டவுன்ஷிப்காரர்கள் ‘பயறு ஆபீஸ்’ என்றார்கள், ஆட்டோக்காரர்களுக்கு அது புரிந்தது.

நிலையத்தில் மொத்தம் ஐம்பத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அதில் செடியைத் தொடுகிறவர்கள் நான்கு பேர். மூன்று கான்ட்ராக்ட் பெண்கள், ஆராய்ச்சி மாணவி இசைப்பிரியா. மற்ற நாற்பத்தொன்பது பேரும் அந்த நான்கு பேர் செடியைத் தொட்டதைப் பதிவு செய்தார்கள்.

கான்ட்ராக்ட் பெண்களில் மூத்தவள் விருத்தாம்பாள். முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் ஒரு காலனி அவள் ஊர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம். மகன் பாலகுமார் மைன்ஸில் கான்ட்ராக்ட். மருமகள் பொற்கொடி மூணு மாசக் கர்ப்பம். விருத்தாம்பாளுக்குப் பதினோரு வருஷமாக இங்கேதான் வேலை. ஆபீஸ் ரெக்கார்டில் அவள் வேலை ‘களை எடுத்தல்’. நிஜத்தில் விதை ஊன்றுவது, பூவில் மகரந்தம் சேர்ப்பது, பை கட்டுவது, காய் பறிப்பது, வரிசை எண் மாறாமல் உலர்த்துவது எல்லாம் அவள்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை கால் ஒரு இடத்தில் நிற்காது.

“இம்மாம் பயறு பறிக்கிறமே, இதுல அப்படி இன்னாதான் பாப்பா இருக்குது?” என்று ஒருநாள் இசைப்பிரியாவைக் கேட்டாள்.

இசைப்பிரியா ஒரு காராமணியைப் பிளந்து காட்டினாள். “செடி மண்ணுலேர்ந்து இரும்ப உறிஞ்சுதுங்கம்மா. அது சும்மா திரிஞ்சா செடியையே கெடுத்துடும். அதனால ஒரு புரதம் அத உள்ள வாங்கிப் பூட்டி வைக்கும். ஃபெரிட்டின்னு பேரு. இருபத்துநாலு துண்டு சேர்ந்த ஒரு உருண்டைக் கூடு. ஒரு கூட்டுல நாலாயிரத்து சொச்சம் இரும்பு அணு வரைக்கும் பிடிக்கும். அந்தக் கூட்டக் கட்டச் சொல்ற மரபணு ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறுது. எந்த ரகம் நெறைய கட்டுதுன்னுதான் பாக்கறோம்.”

“கூட்டுல பூட்டி வச்சது நம்ம ஒடம்புல வந்து ஒட்டுமா?”

“அது இன்னும் சரியாத் தெரியலம்மா.”

“தெரியலன்னு சொல்றியே, அதுவே நல்லாருக்குது” என்று சொல்லிவிட்டு விருத்தாம்பாள் அடுத்த வரிசைக்குப் போனாள். அந்த வளாகத்தில் தெரியவில்லை என்ற சொல்லை அவள் வேறு யார் வாயிலும் கேட்டதில்லை.

அந்த வருஷம் பதினேழு வரிசைக் காராமணி. ஒவ்வொரு வரிசையும் ஒரு ரகம். பறித்த பயறைப் பொடியாக்கி இரும்பை அளக்க வேண்டும். பொடியாக்க ஒரு மெஷின் இருந்தது. உள்ளே வெள்ளைப் பீங்கான் உருண்டைகள் உருளும். பயறில் இரும்பு படக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்த மெஷின். பதினாறாம் வரிசை முடிந்ததும் அது நின்றுவிட்டது. ரிப்பேருக்கு எழுதினார்கள். டெல்லியிலிருந்து பதில் வந்தது: இருப்புப் பதிவேட்டில் அப்படி ஒரு மெஷின் இல்லை, இல்லாத மெஷின் பழுதாக வாய்ப்பில்லை.

ஆனால் அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். இசைப்பிரியா பரீட்சைக்காகச் சிதம்பரம் போயிருந்தாள். நிர்வாக அதிகாரி தமிழ்மாறன் விருத்தாம்பாளைக் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்றும் மூடியுடன்தான் இருக்கும்.

“நாளைக்குப் பொடி வேணும்.”

“மெஷினு ஓடலீங்களே ஐயா.”

“அது எனக்குத் தெரியும். பொடி வேணும். எப்படிச் செஞ்சீங்கன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா நான் ஃபைல் போடணும்.”

விருத்தாம்பாள் மறுநாள் வீட்டிலிருந்து இஞ்சி, மிளகு இடிக்கிற இரும்பு உரலையும் குட்டி உலக்கையையும் கூடையில் போட்டு எடுத்துவந்தாள். மழைக்காலத்தில் ஓரத்தில் கொஞ்சம் துரு ஏறியிருந்தது. தேய்த்துக் கழுவினாள். பதினேழாம் வரிசைக் காராமணியை ஒரு மத்தியானம் முழுக்க இடித்தாள். முரட்டுப் பயறு. தோள்பட்டை விட்டுப்போயிற்று. பொடி கொஞ்சம் கருத்தாற்போல இருந்தது. நல்லாத்தான் அரைபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நிலையத்தில் லட்டு கொடுத்தார்கள்.

பதினாறு வரிசைகளிலும் கிலோவுக்கு அறுபது மில்லிகிராம் அளவில் இருந்த இரும்பு பதினேழாம் வரிசையில் இருநூற்று நாற்பதைத் தொட்டிருந்தது. இயக்குநர் முனைவர் செந்தில்நாதன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் வெளியே வந்ததை நான்கு பேர் பதிவு செய்தார்கள்.

“நண்பர்களே, உலகமே தேடிக்கொண்டிருந்த மரபணு நம் நிலையத்தில் கண்விழித்திருக்கிறது” என்றார். “இது ஒரு தனிமனிதரின் சாதனை அல்ல. என் தலைமையின் சாதனை.”

புது ரகத்துக்குப் பெயர் வைக்க ஒரு குழு போட்டார்கள். அயம் என்றால் இரும்பு என்று குழுவில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று நாள் கூடிப் பேசி ‘அயமணி-1’ என்று முடிவு செய்தார்கள். இரண்டு என்று ஒன்று இல்லாதபோது ஒன்று எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

விருத்தாம்பாள் லட்டைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். பதினேழாம் வரிசை எந்தச் செடி என்று அவளுக்குத் தெரியும். வெயில் வந்தால் முதலில் வாடுகிற சோம்பேறிச் செடி. அது திடீரென்று நாலு மடங்கு இரும்பைச் சேர்த்துவிட்டதா? வீட்டுக்குப் போனதும் உரலின் அடியைத் தடவிப் பார்த்தாள். விரலில் கறுப்பாக ஒட்டியது. அப்போதிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தமிழ்மாறனிடம் போய் நின்றாள். “ஐயா, அந்தப் பொடிய நான் இரும்பு ஒரல்ல இடிச்சேங்க. அதுல இருக்கறது பயறு இரும்பு இல்லீங்க, ஒரலு இரும்பு.”

அவர் ஒரு ரெஜிஸ்டரைப் புரட்டினார். “உங்க வேலை களை எடுத்தல். அன்னிக்கு நீங்க களை எடுத்ததா நாலு கையெழுத்து இருக்கு. களை எடுத்தவங்க எப்படிப் பொடி இடிக்க முடியும்?”

“நீங்கதானே ஐயா சொன்னீங்க?”

“நான் எப்படின்னு சொல்ல வேணாம்னுதான் சொன்னேன். இப்ப நீங்க சொல்லிட்டீங்க.” அவர் முகம் உண்மையிலேயே வருந்தியது.

பரீட்சை முடிந்து திரும்பிய இசைப்பிரியாவிடம் சொன்னாள். இசைப்பிரியா முகம் வெளுத்துப்போயிற்று. மிச்சமிருந்த பதினேழாம் வரிசைப் பயறைக் கல்லுரலில் இடித்து அளந்தாள். ஐம்பத்தெட்டு. மற்றதைப் போலத்தான். ஃபெரிட்டின் எவ்வளவு என்று தனியாகப் பார்த்தாள். அதுவும் ஏறவில்லை. இரண்டு பேருமாக இயக்குநர் அறைக்குப் போனார்கள்.

“சார், இரும்பு நாலு மடங்கு ஏறியிருந்தா அத வைக்கற ஃபெரிட்டினும் ஏறியிருக்கணும். அது அப்படியே இருக்கு. கூடு இல்லாத இரும்பு சார் இது. வெளியேருந்து வந்தது.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இசைப்பிரியா, பெரிய விஞ்ஞானம் சின்ன விஞ்ஞானத்துக்கு எப்போதும் கட்டுப்படாது. புரதம் ஏறவில்லை என்றால் அதன் அடக்கத்தைத்தான் காட்டுகிறது. கல்லுரலில் ஐம்பத்தெட்டு வந்தால் கல்லுரலில் ஏதோ கோளாறு.” பிறகு விருத்தாம்பாளைப் பார்த்தார். “இந்த அம்மா யார்?”

“பதினோரு வருஷமா இங்கதாங்க இருக்கேன்.”

“நல்லது. தொடர்ந்து இருங்கள்.”

அத்தோடு விட்டிருந்தால் விருத்தாம்பாளும் விட்டிருப்பாள். பெரிய ஆபீஸில் ஒரு எண் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டுதான் பஸ் ஏறினாள். ஆனால் மறுமாசம் அவள் காலனிக்கே ஜீப் வந்தது. ரத்தம் குறைவாக உள்ள ஐம்பது பெண்கள் தொண்ணூறு நாள் அயமணி சாப்பிட வேண்டும். பயறு இலவசம். கூட ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் தொண்ணூறு நாளும் அரசாங்கம் கொடுக்கிற இரும்பு மாத்திரையைப் போடக் கூடாது. போட்டால் ரத்தம் பயறால் ஏறியதா மாத்திரையால் ஏறியதா என்று குழப்பம் வரும்.

விருத்தாம்பாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பொற்கொடி புது டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் கையெழுத்துப் போட்டுட்டியாடி?”

“எல்லாரும் போட்டாங்க அத்த. புள்ளத்தாச்சி இருந்தா போட்டோவுக்கு நல்லாருக்கும்னு அந்த சாரு மொதல்ல என்னத்தான் கூப்ட்டாரு.”

பொற்கொடிக்கு உதடெல்லாம் வெளிறியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவள். விருத்தாம்பாள் கூடையைக்கூட இறக்கவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

கிராம நர்ஸ் மேரிசெல்வி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். திரும்பத் திறந்து பொற்கொடி விரலில் குத்திப் பார்த்தாள். “ஏழு புள்ளி எட்டு. இத வச்சிகினு காராமணி தின்னுகினு ஒக்காந்திருக்கறதா? மாத்திரையே இவளுக்குப் பத்தாது. ஆஸ்பத்திரியில ரத்தத்துல இரும்பு ஏத்தணும்.”

“நிறுத்தச் சொல்லிட்டாங்களே சிஸ்டர்.”

“எனக்கும் ஒரு காகிதம் வந்திருக்கு. ஐம்பது பேரும் லிஸ்ட்டுல இருக்காங்க, குடுக்காதீங்கன்னு. யாரு கையெழுத்துன்னு பாத்தா கையெழுத்தே இல்ல.” மேரிசெல்வி அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தாள். “எனக்கு எங்க டாக்டரம்மா சொன்னாத்தான் சொன்ன மாதிரி. ஆனா நான் போனா ஜனங்க டம்ளரப் புடுங்கிடுவாங்கன்னு பயந்துகினு மாத்திர வாங்க மாட்டாங்க. நீங்க வாங்க என்னோட.”

டாக்டரம்மாவுக்கு அங்கேயே போன் போட்டாள். ஒரு மாத்திரைகூட நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா கத்தியது விருத்தாம்பாளுக்கே கேட்டது.

அன்றிலிருந்து விருத்தாம்பாள் பஸ் வருவதற்கு முன்னால் ஒரு தெரு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு தெரு என்று மேரிசெல்வியோடு வீடு வீடாகப் போனாள். “பயறும் தின்னுங்கடி, நல்லதுதான். சாதா காராமணிதான் அது, நாந்தான் இடிச்சேன். ஆனா மாத்திரைய வுட்டுடாதீங்க. டம்ளர யாரும் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க.” சில பேர் சிரித்தார்கள். சில பேர் கதவைச் சாத்தினார்கள். சாத்திய வீட்டுக்கு மறுநாளும் போனாள். பொற்கொடியை ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை கூட்டிப்போய் ஊசி ஏற்றினார்கள். ஐம்பது பேரில் ஐம்பது பேரும் மாத்திரை போட்டார்கள்.

தொண்ணூறாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். எல்லோருக்கும் ஏறியிருந்தது. பொற்கொடிக்குப் பத்து புள்ளி ஆறு.

பயறு ஆபீஸில் மறுபடி லட்டு கொடுத்தார்கள்.

இதைத்தான் விருத்தாம்பாள் எதிர்பார்க்கவில்லை. பெண்களைக் காப்பாற்றியாயிற்று என்று அவள் மூச்சு விடுவதற்குள், அவள் காப்பாற்றியதே பொய்க்குச் சாட்சியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இசைப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அம்மா, இனிமே அயமணி பொய்யின்னு நம்ம சொன்னா, ரத்தம் ஏறிடுச்சேம்பாங்க.”

“அப்ப மாத்திர குடுக்காம இருந்திருக்கணுமா பாப்பா?”

“இல்லம்மா, இல்ல.”

வெற்றி விழா டவுன்ஷிப் மண்டபத்தில் நடந்தது. டெல்லியிலிருந்து ஒரு உயரதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்மாறன் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்ல ஏற்பாடு. ஐம்பது பெண்களையும் ஒரே நிறப் புடவை கட்டி முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பொற்கொடிக்கு நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளைச் சரியாக நடுவில் உட்காரவைத்தார்கள்.

இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். “ஃபெரிட்டின் என்ற புரதத்தைப் பாருங்கள். எவ்வளவு வந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். லேசில் வெளியே விடாது. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் நிலையமும் அதே லட்சியத்தோடுதான் இயங்குகிறது” என்றபோது கைதட்டல் பலமாக இருந்தது.

பிறகு பயனாளிகள் சார்பில் இரண்டு வரி பேச விருத்தாம்பாளைக் கூப்பிட்டார்கள். காலனியிலிருந்து வந்தவர்களில் அவளுக்குத்தான் மேடைப் படி ஏற மூச்சு வாங்காது என்று தமிழ்மாறன் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டு வரியையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். விருத்தாம்பாள் அந்தத் துண்டைக் கசக்கி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். மைக் அவள் மூச்சை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

“ஐயாமாருங்களுக்கு வணக்கங்க. அந்தப் பொடிய மெஷின்ல அரைக்கலீங்க. நான் இரும்பு ஒரல்ல இடிச்சேங்க.”

தமிழ்மாறன் டெல்லி விருந்தினர் பக்கம் குனிந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை இசைப்பிரியா பிற்பாடு விருத்தாம்பாளுக்கு எடுத்துச் சொன்னாள்: “நம் ஆய்வின் முடிவு இரும்பைப் போல உறுதியானது என்கிறார்.”

விருந்தினர் தலையாட்டினார்.

“பயறால ரத்தம் ஏறலீங்க. இவங்க எல்லாரும் மாத்திர போட்டாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

“பெண்கள் எல்லோரும் ஒரே மனதாக இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்.”

விருந்தினர் ஆர்வமாகப் பெண்களைப் பார்த்துக் கையை நீட்டினார். பொற்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “எனக்கு ஊசி ஏத்துனாங்கய்யா, நாலு தடவ.” அடுத்தவள் எழுந்தாள். “நான் தெனம் மாத்திர போட்டேன்.” அதற்கடுத்தவள். “நானுந்தாங்க.” வரிசையாக எழுந்துகொண்டே இருந்தார்கள். மண்டபத்தின் பின்பக்கம் சிரிப்புக் கிளம்பியது. ஒவ்வொருத்தி பேசியதும் தமிழ்மாறன் ஒரு வாக்கியம் சொன்னார். முதலில் நன்றி என்றார், பிறகு மிக்க நன்றி என்றார், கடைசியில் சொல் தீர்ந்துபோய் அயமணியின் சமையல் குறிப்பையே சொல்ல ஆரம்பித்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

விருந்தினர் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷச் சேவையில் மக்கள் இப்படித் தாமாக எழுந்து நன்றி சொல்லிப் பார்த்ததில்லை என்றார். இசைப்பிரியா மேடைக்கே ஏறிவந்து அவரிடம் இங்கிலீஷில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். முறையான வழியில் எழுதி அனுப்பு என்றார். முறையான வழி இயக்குநர் வழியாகப் போவது.

அங்கேயே இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து மாவட்டம், ஐயாயிரம் பெண்கள், அதே நிபந்தனை.

விருத்தாம்பாளின் கான்ட்ராக்ட் அந்த வாரமே முடிந்தது. சோதனை வயலில் உள்ள களைகளும் இனி ஆய்வுக்கு உட்பட்டவை, அவற்றைப் பறிக்கக் கூடாது, ஆகவே களை எடுப்பவர் தேவையில்லை என்று உத்தரவில் இருந்தது. பதினோரு வருஷம் நின்ற வரப்பை ஒரு தடவை பார்த்தாள். அழவில்லை. ஐயாயிரம் பொற்கொடிகள் கண்ணுக்குள் நின்றார்கள். வீட்டில் உட்காரவும் முடியவில்லை, முந்திரிக்கொட்டை உடைக்கப் போன இடத்தில் கை ஓடவும் இல்லை.

இசைப்பிரியாதான் ஒருநாள் காலையில் காலனிக்கு வந்தாள். கையில் ஒரு படிவம். “அம்மா, இந்தத் தடவ டெல்லி கொஞ்சம் கறாரா இருக்கு. ஒவ்வொரு பொண்ணும் தன் கையால சம்மதம் எழுதணும். ஒவ்வொரு காகிதத்துக்கும் நம்பர் இருக்கு. கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. கீழ பாத்தீங்களா, ‘பங்கேற்பாளர் கருத்து’ன்னு மூணு கோடு விட்டிருக்காங்க.”

“அதுல இன்னா எழுதணும்?”

“என்ன வேணா எழுதலாம். எழுதினா நிலையம் எழுத்துல பதில் சொல்லணும். பேரு போட்டு, பதவி போட்டு, கையெழுத்துப் போட்டு.”

விருத்தாம்பாள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அந்த மூன்று கோட்டையும் விரலால் தடவினாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

குள்ளஞ்சாவடிச் சந்தையில் வெண்டைக்காய் விற்ற பெண்களிடம் பேசினாள். வடலூர் பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் பேசினாள். மேரிசெல்வி மற்ற ஊர் நர்ஸுகளுக்கு போன் போட்டாள். ஜீப் போகிற ஊருக்கெல்லாம் விருத்தாம்பாள் ஒரு பஸ் முன்னாடி போய் இறங்கினாள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பெண் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் படிவங்கள் கட்டுக்கட்டாகப் பயறு ஆபீஸுக்கு வந்து சேர்ந்தன. கோணலும் மாணலுமான எழுத்து. ஆனால் எல்லாவற்றிலும் அதே மூன்று வரி:

‘பயறு தின்ன சம்மதம். இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்தச் சொல்லுகிறவர் பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கவும். ஆகிற கெடுதலுக்கு அவர் பொறுப்பு.’

நிலையம் ஆடிப்போயிற்று. கிழிக்க முடியாது, நம்பர் இருக்கிறது. ஒதுக்க முடியாது, சம்மதம் என்று ஆரம்பிக்கிறது. இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

“இது ஒரு வெறும் நடைமுறை” என்றார். “யாராவது ஒருவர் கையெழுத்திட்டால் போதும்.”

இணை இயக்குநர் தனக்குக் கண் மருத்துவம் நடக்கிறது என்றார். இன்னொருவர் தன் துறை வேர், விதை அல்ல என்றார். இயக்குநரே போடலாம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். செந்தில்நாதன் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். “இயக்குநரின் கையெழுத்து கொள்கைகளுக்கு உரியது. மாத்திரை ஒரு சில்லறை விஷயம்” என்றார்.

யாரும் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் பதில் இல்லை, பதில் இல்லாமல் சம்மதம் நிறைவடையாது, சம்மதம் நிறைவடையாமல் இரண்டாம் கட்டம் தொடங்காது. கோப்பு டெல்லி போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று.

அதற்குள் பொற்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை என்று மேரிசெல்வி சந்தோஷமாகச் சொன்னாள். விருத்தாம்பாள் அன்றுதான் பல மாசத்துக்குப் பிறகு ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

குழந்தைக்கு ஒரு மாசம் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்மாறன் வந்தார். ஆபீஸ் ஜீப் இல்லை, ஸ்கூட்டர். விருத்தாம்பாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார்.

“நீங்க சொன்னா ஜனங்க கேக்கறாங்க. கருத்தைத் திரும்பப் பெறுகிறோம்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா மத்தவங்களும் குடுப்பாங்க. உங்க கான்ட்ராக்ட்டப் பத்தி சார்கிட்ட நானே பேசறேன்.”

“நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எழுதுங்கய்யா. நானும் போடறேன்.”

அவர் பேனா மூடியைத் திறக்கவில்லை. காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. வாசலில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“அந்த நர்ஸம்மா இன்னிக்கு இருப்பாங்களா?”

“எதுக்குங்க?”

“எம் பொண்ணு எட்டாவது படிக்குது. ஸ்கூல்ல ரத்தம் பாத்தாங்க. எட்டரைதான் இருக்காம். கிளாஸுல மயக்கம் போட்டு வுழுந்துட்டா.” ஆபீஸ் தமிழ் அவர் வாயிலிருந்து எங்கோ போய்விட்டிருந்தது.

விருத்தாம்பாள் அவரை உற்றுப் பார்த்தாள். கேலி செய்யவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே சந்தேகம் வந்துதான் கேட்டாள். “ஆபீஸ்ல மூட்ட மூட்டயா அயமணி கெடக்குதேங்க ஐயா. பாப்பாவுக்குக் குடுக்கலீங்களா?”

தமிழ்மாறன் தலையைக் குனிந்துகொண்டார்.

“வெளையாடாதீங்கம்மா” என்றார். “எம் பொண்ணு விஷயம்.”

விருத்தாம்பாள் குழந்தையைப் பொற்கொடி மடியில் கிடத்திவிட்டு, மேரிசெல்வி வீட்டுக்கு வழி காட்ட அவருக்கு முன்னால் நடந்தாள்.